‘சோதனை முறையில்’: ஓய்ந்துகொண்டிருந்த அலைக்கு இட்ட பெயர்

நீண்ட பதிவு. பாதியில் நிறுத்திவிட்டு மறுமொழி எழுதும் வழக்கமுடைய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: முழுதும் படித்தபின் சண்டைக்கு வாருங்கள்.

சென்ற வாரம் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் கோவாக்சின் பற்றிப் பேச்சு எழுந்தது. நான் பெரிதும் மதிக்கும் பேராசிரியர் ஒருவர் அதை ஒரே வரியில் முடித்துவைத்தார். “முடிவு நன்றாகத்தானே வந்தது, இன்னும் எதற்கு அந்தப் பழங்கதை?” சுற்றி நின்றோர் தலையசைத்தனர். ஆய்வு மாணவர்களும் தலையசைத்தனர். அதுதான் என்னை உறுத்தியது. முடிவு நன்றாக வந்தால் முறையைக் கேட்கக் கூடாது என்பதை ஓர் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் எவரேனும் சொல்லித் தப்ப முடியுமா? தரவு திரட்டுமுன்பே முடிவுரையை எழுதிவிட்டு, பின்னர் வந்த தரவு அதற்கு ஒத்துப்போயிற்று என்று சொன்னால் அதே பேராசிரியர் ஒப்புதல் கையெழுத்து இடுவாரா?

நான் குடியிருப்பது திருமுல்கேரியில். எங்கள் தெருமுனையைத் தொட்டுச் செல்லும் இராஜீவ் ரஹதாரியில் அல்வால், ஹக்கீம்பேட்டை, ஷாமீர்பேட்டை என்று வடக்கே போனால் துர்க்கபள்ளியும் ஜினோம் வேலியும் வரும். கோவாக்சின் பிறந்த பாரத் பயோடெக் வளாகம் அங்கேதான் இருக்கிறது. 2021 தொடக்கத்தில் அச்சாலையில் குளிர்பதன வண்டி எது போனாலும் “நம்ம ஊசி” என்று மாடியில் நின்று கைகாட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த ஊசியையே இரு தவணை செலுத்திக்கொண்டவனும்கூட. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; தடுப்பூசி எதிர்ப்பாளர் பட்டியலில் என்னைச் சேர்க்க விரும்புவோருக்கு வேலை மிச்சம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பெருந்தொற்று ஓயும்போது அதற்கான தடுப்பூசியைச் சோதிப்பது ஏன் கடினம்? மூன்றாம் கட்டச் சோதனையில் எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதையே செய்தித்தாள்கள் தலைப்பில் இடுகின்றன. ஆனால் சோதனையின் உண்மையான தரவு, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நோயுற்றனர் என்பதே. 25,000 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்குத் தடுப்பூசியும் பாதிப் பேருக்கு வெற்று ஊசியும் இடுவதாகக் கொள்வோம். நோய் தீவிரமாகப் பரவும் காலத்தில் வெற்று ஊசி பெற்றவர்களுள் நூற்றுக்கு ஒருவர் நோயுற்றால் அப்பக்கம் 125 நோயாளிகள் கிடைப்பர். மறுபக்கம் 25 பேர் என்றால் தடுப்பூசி வேலை செய்கிறது என்று துணிந்து சொல்லலாம். அலை ஓய்ந்து, ஆயிரத்துக்கு ஒருவர்தான் நோயுறுகிறார் என்றால் அப்பக்கம் 12 அல்லது 13 பேர். மறுபக்கம் இரண்டோ மூன்றோ. விகிதம் அதேதான், ஆனால் எதிர்பாராத ஒரு குடும்பத் திருமணமோ ஒரு விடுதிப் பரவலோ அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிடும். சேர்ந்தோர் எண்ணிக்கை மாறவில்லை, மருந்தும் மாறவில்லை, அறிவு மட்டும் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. ஊருக்கு நற்செய்தியாக இருப்பது சோதனையாளருக்குப் பஞ்சம். இதில் எவருடைய குற்றமும் இல்லை. இந்தப் பஞ்சத்தை ஊருக்கு எப்படிச் சொன்னோம் என்பதில்தான் குற்றம் தொடங்குகிறது.

2020 செப்டம்பர் நடுவில் இந்தியாவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 97,000 புதிய தொற்றுகள் பதிவாயின. கோவாக்சினின் மூன்றாம் கட்டச் சோதனை தொடங்கியதோ நவம்பர் நடுவில். வளைகோடு இறங்கிக்கொண்டிருந்த வேளை. இலக்கு 25,800 தன்னார்வலர்கள்; 130 நோயாளிகள் சேர்ந்தபின் இறுதிக் கணக்கு. 2021 ஜனவரி 3 அன்று, தன்னார்வலர்களைச் சேர்ப்பதே இன்னும் முடியாத நிலையில், செயல்திறன் பற்றி ஓர் எண்கூட வெளியாகாத நிலையில், மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலர் ஒப்புதலை அறிவித்தார். அந்த அறிவிப்பே 22,500 பேருக்கு ஊசி இடப்பட்டிருப்பதாகக் கூறியது. அதற்கு முந்தைய இரு கட்டங்களிலும் சேர்த்து எண்ணூறுக்கும் குறைவானவர்களிடம் பாதுகாப்பும் எதிர்ப்பாற்றலும் அளக்கப்பட்டிருந்தன. குரங்குகளிலும் வெள்ளெலிகளிலும் செய்த ஆய்வுகள் இருந்தன. செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்டு தடுப்பூசி செய்வது பழகிய தொழில்நுட்பம். இவை யாவும் நம்பிக்கைக்கு நல்ல அடிப்படைகள்தாம். “நம்பிக்கை” என்ற சொல்லையே அரசு பயன்படுத்தியிருந்தால் இப்பதிவுக்குத் தேவையே இருந்திராது.

அரசு தேர்ந்த சொல் வேறு. அவசர நிலையில், பொதுநலன் கருதி, மிகுந்த முன்னெச்சரிக்கையாக, “மருத்துவச் சோதனை முறையில்” வரையறுக்கப்பட்ட பயன்பாட்டுக்கு ஒப்புதல். மொழியியல் படித்தவனுக்கு இத்தொடரைக் கண்டால் கை பரபரக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் தொகைச் சொல்லின் தலைமை இறுதிச் சொல்லுக்கே உரியது. மணக்கோலம் என்பது ஒருவகைக் கோலம், மணம் அன்று. நாடக மேடையிலும் மணக்கோலம் பூணலாம். அதுபோலச் “சோதனை முறை” என்பதில் தலைமை “முறை”. சோதனை வெறும் அடை. ஒப்பிடும் குழு இல்லை, வெற்று ஊசி இல்லை, யாருக்கு எது என்ற மறைப்பு இல்லை, விடை காண வேண்டிய கேள்வியும் இல்லை. சோதனையின் உள்ளுறுப்புகள் அனைத்தையும் நீக்கிவிட்டு அதன் கோலத்தை மட்டும் வைத்துக்கொண்ட தொடர் அது. ஊசி பெறுவோர் ஒவ்வொருவரும் சோதனையில் இருப்பவர்போலவே பின்தொடர்ந்து கண்காணிக்கப்படுவர் என்று நடுவண் நலவாழ்வு அமைச்சர் விளக்கினார். “போலவே” என்பது உவம உருபு. உவமையும் பொருளும் ஒன்றானால் உவம உருபுக்கு வேலை இல்லை என்பதை இளங்கலை முதலாண்டு மாணவர் அறிவார்.

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளில் சோதனைக்கு வரையறை உண்டு, ஒப்புதலுக்கு வரையறை உண்டு. “சோதனை முறை”க்கு இல்லை. அன்றே எய்ம்ஸ் இயக்குநர் கோவாக்சின் ஒரு மாற்று ஏற்பாடாக, தேவைப்பட்டால் பயன்படுத்தப்படலாம் என்று கூறினார். அதே நாளில் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலரோ தடுப்பூசிகள் “110 சதவீதம்” பாதுகாப்பானவை என்றார். நூற்றுக்கு மேல் பத்தை எங்கிருந்து எடுத்தார் என்பதை விட்டுவிடுகிறேன், அது பேச்சு வழக்கு. நான் குறிப்பது வேறு. கேட்கப்பட்ட கேள்வி இது நோயைத் தடுக்குமா என்பது. சொல்லப்பட்ட விடை இது தீங்கு செய்யாது என்பது. கேள்வியின் எழுவாயை மாற்றிவிட்டு உரத்த குரலில் விடை சொல்லும் உத்தியை நாம் வகுப்பில் கண்டால் மதிப்பெண் குறைக்கிறோம்.

எந்த அவசரம் என்று கேட்டால், உருமாறிய வைரஸ் வரக்கூடும் என்பது அறிவிப்பில் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அது பொய்யான அச்சமன்று. ஆனால் அந்த ஜனவரியில் தொற்று செப்டம்பரின் ஐந்தில் ஒரு பங்காகியிருந்தது. பிப்ரவரியில் நாளொன்றுக்கு 10,000 அளவுக்கு இறங்கிற்று. நோய் இறங்க இறங்க அவசரம் ஏறிய விந்தை அது. நோயின் அவசரமும் அதில் இருந்தது என்று ஏற்கிறேன். சோதனையின் அவசரமும் இருந்தது, நாட்காட்டியின் அவசரமும் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஜூலையிலேயே ஆகஸ்ட் 15க்குள் இந்தத் தடுப்பூசியை வெளியிட வேண்டும் என்று மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதியதை மறந்துவிட்டோமா? முதல் கட்டச் சோதனைக்கு ஆள்சேர்க்கத் தொடங்குமுன்பே முடிவு விழாவுக்கு நாள் குறித்த கடிதம் அது.

இனி என் சித்தி. சென்னையில் ஒரு மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. 2021 ஜனவரி இறுதியில் அவருக்குக் கோவாக்சின் இடப்பட்டது. அன்று மாலை தொலைபேசியில் கேட்டேன்.

“காகிதம் ஒண்ணு குடுத்தாங்கடா. கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்.”

“என்ன எழுதியிருந்துச்சு சித்தி?”

“இங்கிலீசு. முன்னாடி நின்ன நர்சம்மாவும் போட்டாங்க, நானும் போட்டேன். வரிசை பெருசா இருந்துச்சு.”

அவர் படம் எடுத்து அனுப்பச் செய்து அக்காகிதத்தைப் பிறகு வாசித்தேன். வியப்பு என்னவென்றால், இந்த முழு நாடகத்திலும் நேர்மையான வாக்கியம் அதில்தான் இருந்தது. கோவாக்சினின் மருத்துவச் செயல்திறன் இன்னும் நிறுவப்படவில்லை, மூன்றாம் கட்டச் சோதனையில் ஆராயப்பட்டு வருகிறது, ஆகவே ஊசி போட்டுக்கொண்டாலும் மற்ற முன்னெச்சரிக்கைகளைக் கைவிடலாகாது என்று தெளிவாக எழுதியிருந்தது. ஊசியால் கடுந்தீங்கு நேர்ந்தது உறுதியானால் நிறுவனம் இழப்பீடு தரும் என்றும் இருந்தது. அமைச்சர் சொல்லாததைக் காகிதம் சொன்னது. ஆனால் அந்த வாக்கியம் யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் சொன்னது. பின்தொடர்தல் என்ன ஆயிற்று என்று மார்ச்சில் கேட்டேன். ஒருவரும் அழைக்கவில்லை. “நல்லாத்தானே இருக்கேன், எதுக்குக் கூப்பிடணும்?” என்றார் சித்தி. அவர் கேட்டதில் பிழையில்லை. சோதனையில் நலமாக இருப்பவரின் நலமும் தரவு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவே.

சித்தி கையெழுத்திட்டார்; கையெழுத்திடாதவர்களும் இருந்தனர். தில்லியில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் பயிற்சி மருத்துவர்கள், தடுப்பூசி இயக்கம் தொடங்கிய ஜனவரி 16 அன்றே, சோதனை முடிந்த மற்ற ஊசியைத் தருமாறு எழுதிக் கேட்டனர். தமிழ்நாட்டிலும் முதல் வாரங்களில் நலவாழ்வுப் பணியாளர்கள் தயங்கினர். மாநில அமைச்சரே ஜனவரி 22 அன்று கோவாக்சினைத் தாமே போட்டுக்கொண்டு காட்ட வேண்டியிருந்தது. கூட்டம் இல்லாத, தொற்று குறைந்த, கையிருப்பு இருந்த அந்த இரண்டு மாதங்கள் திரும்பி வரவேயில்லை. ஏப்ரலில் அலை எழுந்தபோது ஊசிக்கு வரிசை நின்றோம், ஊசி இல்லை. தயக்கத்துக்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரு தொடரின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் அரைகுறையாகச் சொல்லப்பட்ட உண்மை, வதந்திக்கு வாடகையின்றி வீடு கொடுக்கிறது.

பேராசிரியரின் வாதத்தை அதன் வலிமையோடே எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் ஒப்புதல் தராமல் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மே மாதத் தொடக்கத்தில் நாளொன்றுக்கு நான்கு லட்சம் தொற்றுகள். காத்திருந்தவர்களில் பலர் இறந்திருப்பர். என் சித்தியும் அவர்களுள் ஒருவராக இருந்திருக்கலாம். இதை நான் மறுக்கவில்லை, இதை எண்ணாத நாளும் இல்லை. ஆனால் அந்த “நல்ல முடிவு” எப்படி வந்தது என்று பாருங்கள். மார்ச் 3 அன்று வெளியான முதல் இடைக்காலக் கணக்கு 43 நோயாளிகளை வைத்துச் சொல்லப்பட்டது: வெற்று ஊசிப் பக்கம் 36, தடுப்பூசிப் பக்கம் 7. மார்ச் 11க்குள் “சோதனை முறை” என்ற அடைமொழி கழன்றது. அடுத்தடுத்த கணக்குகள் ஏப்ரலிலும் ஜூலையிலும் வந்தன. இறுதியில் 130 பேர்: 106க்கு 24, செயல்திறன் 77.8 சதவீதம். ஓயும் அலையில் ஊர்ந்துகொண்டிருந்த எண், இரண்டாம் அலை எழுந்ததும் ஓடத் தொடங்கிற்று. இரண்டாம் அலை வராமலே போயிருந்தால் அந்த 130 எப்போது நிறைந்திருக்கும்? அந்த 106 பேரின் காய்ச்சலும் மூச்சிரைப்பும் எழுதித் தந்த எண் அது. ஜனவரியில் முடிவெடுத்தவர்களின் தொலைநோக்கு எழுதித் தந்ததன்று. ஜனவரியில் எடுக்கப்பட்டது ஒரு பந்தயம். பந்தயம் வென்றது. வென்ற பந்தயத்தைச் சான்று என்று அழைப்பதைத்தான் எதிர்க்கிறேன். அடுத்த முறை தோற்கும் பந்தயத்துக்கும் இதே பெயரை வைப்பார்கள்.

வேறு வழி இருந்ததா என்று கேட்போருக்கு மேற்கு ஆப்பிரிக்காவைக் காட்டுவேன். 2015இல் எபோலா ஓயத் தொடங்கியபோது மூன்று நாடுகளில் தடுப்பூசிச் சோதனைகள் நடந்தன. லைபீரியாவில் ஏறத்தாழ 27,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட சோதனை, நோயாளிகள் அருகியதால் 1,500 பேரோடு நின்றது. எதிர்ப்பாற்றலும் பாதுகாப்பும் அளந்தோம், தடுக்கும் திறனை அளக்க முடியவில்லை என்று அதன் ஆய்வாளர்கள் வெளிப்படையாக எழுதினர். சியரா லியோனில் ஆயிரக்கணக்கானோருக்கு ஊசி இட்டும் செயல்திறன் பற்றிய விடை கிடைக்கவில்லை. கினியில் மட்டும் வடிவமைப்பையே மாற்றினர். நோய் வரும் இடத்தில் காத்திராமல், நோய் வந்த இடத்துக்குச் சோதனை சென்றது. ஒருவருக்கு எபோலா உறுதியானதும் அவரோடு பழகியவர்களையும், அவர்களோடு பழகியவர்களையும் ஒரு வளையமாகக் கொண்டு, சில வளையங்களுக்கு உடனேயும் சில வளையங்களுக்கு 21 நாள் கழித்தும் ஊசி இட்டனர். வெற்று ஊசி எவருக்கும் இல்லை. ஊசி பெற்ற 5,837 பேரில், பத்து நாளுக்குப் பின் ஒருவருக்கும் எபோலா வரவில்லை. பெறாதவர்களிடம் 23 பேருக்கு வந்தது. எண் சிறிது, விடை பெரிது.

அந்த வளையம் புதிய கண்டுபிடிப்பும் அன்று. பெரியம்மையை 1970களில் ஒழித்தபோது நோயாளியைத் தேடிச் சென்று சுற்றியிருப்போருக்கு ஊசி இட்ட முறையின் வாரிசு அது. அம்முறை இந்திய ஊர்களிலும் சேரிகளிலும் கதவு தட்டித் தேர்ந்த முறை. கோவிட் எபோலா அன்று, அறிகுறி இல்லாமலே பரவுவது, வளையம் அப்படியே பொருந்தாது என்பதை அறிவேன். பரவல் மிகுந்த மாவட்டங்களுக்குச் சோதனைத் தளங்களை மாற்றலாம், பிற நாடுகளில் கிளை திறக்கலாம், காலத்தை நீட்டலாம். அல்லது லைபீரியர்கள்போல “இதுவரை தெரிந்தது இது, தெரியாதது இது” என்று சொல்லலாம். கடைசி வழிக்குச் செலவே இல்லை.

மறுதரப்புக்கும் ஒரு சொல். “மக்களைச் சோதனை எலிகளாக்கினர்” என்று அன்றும் இன்றும் பகிர்வோர், சோதனையே தவறு என்ற இடத்துக்குப் போய்ச் சேர்கின்றனர். என் குற்றச்சாட்டு அதற்கு நேர் எதிரானது. ஜனவரியில் ஊசி பெற்றவர்கள் சோதனைக்கு உள்ளாக்கப்பட்டார்கள் என்பதன்று என் புகார். சோதனை தரும் காப்புகள் எதுவும் கிடைக்காமல் சோதனையின் பெயர் மட்டும் கிடைத்தது என்பதே. முறையான சோதனையில் சேர்ந்தவருக்கு அவர் மொழியில் விளக்கம் உண்டு, கேள்வி கேட்க நேரம் உண்டு, விலகும் உரிமை உண்டு, நெறிமுறைக் குழு உண்டு. அந்த உரிமைகளும் ஏட்டளவில் நின்றுவிடக்கூடும் என்பதை போபால் காட்டிற்று. அங்கே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில், நச்சுவாயு விபத்துக்கு ஆளான குடியிருப்புகளைச் சேர்ந்தோர், இது சோதனை என்றே தங்களுக்குச் சொல்லப்படவில்லை, 750 ரூபாயும் தடுப்பூசியும் தருவதாகவே அழைத்தனர் என்று முறையிட்டனர். கல்லூரி மறுத்தது. எங்கள் ஊருக்கு இது பழைய கதை. திருமுல்கேரியிலிருந்து சில கிலோமீட்டரில், பேகம்பேட்டையில், 1897இல் ரொனால்ட் ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டபோது, கொசுக்கடிக்கு உடலைத் தந்த ஹுசேன் கான் என்ற நோயாளிக்குக் கடிக்கு ஓர் அணா கூலி. அந்தப் பேரத்தில் எது எதற்கு என்பதாவது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

பெருந்தொற்று மேலும் ஓய்ந்தபின் இதே ஜினோம் வேலி நிறுவனத்தின் மூக்குவழித் தடுப்பூசி, பழைய தடுப்பூசியோடு எதிர்ப்பாற்றலை ஒப்பிட்டு 2022இல் ஒப்புதல் பெற்றது. ஊசி பெறாத குழு என்று ஒன்றைத் திரட்டவும், நோயாளிகளை எண்ணவும் அப்போது இடமில்லை. அந்த ஒப்பீடு போதுமா என்பது தனி விவாதம். ஆனால் செய்ததற்குச் செய்ததன் பெயரை வைத்தனர். அதில் எனக்குச் சண்டையில்லை.

சண்டை நம்மோடுதான். மொழித் துறைகளில் இருக்கும் நாம் 2021இல் என்ன செய்தோம்? நானும் முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டு, தொகைச் சொற்களின் தலைமை பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். நாட்டின் மிக விலையுயர்ந்த தொகைச் சொல் அப்போது நாள்தோறும் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்ச் செய்தித்தாள்கள் அதை “பரிசோதனை முறையில்” என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தன. அதற்குப் பொருள் என்ன என்று கேட்ட ஒரு பத்தியை நம் துறைகளிலிருந்து எவரும் அனுப்பி நான் காணவில்லை, நானும் அனுப்பவில்லை. சித்தியின் காகிதத்தைத் தமிழாக்க எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. ஊசி போட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகு.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஏதேனும் தடுப்பூசிக்காகவோ மருந்துச் சோதனைக்காகவோ நீங்களோ உங்கள் வீட்டாரோ கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் இருந்தால், பெயரும் முகவரியும் தெரியாதவாறு மறைத்து, படம் எடுத்து உட்பெட்டியில் அனுப்புங்கள். எந்த மொழியில் தரப்பட்டது, யார் வாசித்துக் காட்டினார், எவ்வளவு நேரம் தரப்பட்டது என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து எழுதுங்கள். தமிழும் தெலுங்கும் நான் பார்த்துக்கொள்கிறேன். உருதும் தக்கனியும் அறிந்த நண்பர் ஒருவர் தேவை. இந்த ஊரில் அதற்குப் பஞ்சம் இருக்காது.